மடி ஷவர்

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஷவர் வந்தது ஆடம்பரத்துக்காக அல்ல, அம்மாவின் வலது தோளுக்காக. எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை மட்டும் காதுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று விட்டது. கை எழும்பாவிட்டால் செம்பை எப்படித் தலைக்கு மேல் தூக்குவது? தலைக்கு ஊற்றிக்கொள்ளாத குளியை அம்மா குளியாகவே கணக்கில் எடுக்க மாட்டாள். குளிக்காமல் மடி என்கிற ஆசாரச் சுத்தம் இல்லை, மடி இல்லாமல் அடுப்படிக்குள் கால் வைக்கவும் மாட்டாள்.

கொஞ்ச நாள் என் மனைவி கூட நின்று ஊற்றினாள். அம்மா மணையில் குனிந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "போறும், போறும்" என்பாள். அந்த நாட்களில் அவள் எங்கள் இருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கைக்குழந்தையைப் போல் தன்னைக் குளிப்பாட்டுகிறார்களே என்று அவளுக்கு அவமானம். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கிற கடைகளுக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சம் கிடையாது. கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது வந்த பித்தளை ஷவரையும் அதைத் திறந்து மூடும் குழாயையும் சேர்த்து வாங்கி வந்தேன். ஷவர் தோசைக்கல் அகலம். அம்மா அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எந்தெந்த துரையெல்லாம் இதுக்கடியில நின்னானோ, யாரு கண்டா?"

பிறகு அவளே அதைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கோமியம் தெளித்து, கிணற்று ஜலத்தில் முக்கி எடுத்தாள். பித்தளை பளபளத்தது. வெளிப்பக்கம் அவ்வளவு சுத்தமான குழாய் கொச்சி ராஜ்ஜியத்திலேயே இருந்திருக்காது. உட்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் குளித்துவிட்டு வந்த அம்மாவின் முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "மழைடா! சாக்ஷாத் மழையாக்கும்!" என்றாள். அன்று காலை எனக்கு இரண்டு தோசை கூடுதலாகக் கிடைத்தது.

சில மாதங்கள் கழித்துச் சொட்ட ஆரம்பித்தது. மூடின பிறகும் ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. வேறு வீடாக இருந்தால் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் அது சாஸ்திரப் பிரச்சினை ஆயிற்று. தலையில் ஜலம் விழுகிறவரை குளி முடியவில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆகவே கடைசிச் சொட்டுக்காக உள்ளே காத்து நின்றாள். கடைசிச் சொட்டு என்று அவள் முடிவு செய்து ஸ்லோகத்தை முடிக்கும்போது உச்சியில் இன்னொன்று விழும். மறுபடி முதலிலிருந்து ஸ்லோகம். கதவுக்கு வெளியே துண்டும் கையுமாக நான் நிற்பேன். நான் வேலை பார்த்த மிளகு ஏற்றுமதி ஆபீசில் என் தாமதத்துக்குச் சொல்லக் காரணம் தீர்ந்துவிட்டது. குழாய்க்காரச் சேட்டனுக்கு இடக்கொச்சிக்கு ஆள் அனுப்பினேன். "நாளெ வராம்" என்று பதில் வந்தது. அந்த நாளை அந்த வருஷத்தில் இல்லை.

அம்மா படகேறி எர்ணாகுளத்துக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போன ஒரு விடுமுறை நாளில் நானே களத்தில் இறங்கினேன். குற்றம் ஷவரின் தலையில்தான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஓட்டையையும் ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தேன். திறந்து பார்த்தால் தண்ணீர் கீழே வருவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய்ச் சுவரைக் குளிப்பாட்டியது. சொட்டு அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்து ஷவரையே கழற்றித் தரையில் வைத்தேன். வெறும் குழாயின் நுனியிலிருந்து சொட்டு நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "தலையைக் கழட்டின அப்புறமும் சொட்டறதே. அப்போ குத்தம் தலையில இல்லை, கழுத்துலயாக்கும்."

எனக்கும் அதேதான் தோன்றியது, சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள் என்று சொல்லி, கழுத்தில் இருந்த திறந்து மூடும் குழாயைக் கழற்றப் புறப்பட்டேன். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீரை நிறுத்த வழியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாடித் தொட்டியைக் காலி செய்தால்தான் உண்டு. வாளி, அண்டா, பாயச உருளி, ரச ஈயச்சொம்பு, கடைசியில் காபி டபரா வரைக்கும் தண்ணீர் பிடித்து நிறைத்தோம். வீட்டுக்குள் நடக்க இடமில்லை. பிறகு ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். திருகு வெளியே வந்தது. அதன் அடியில் சின்ன வட்டமாகக் கறுத்து, ஒரு பக்கம் தேய்ந்து, வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். மனைவியும் முகர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தோல்.

"ஐயோ," என்றாள் அவள். "இத்தனை நாளும் அம்மாவோட மடி..."

அம்மா தினமும் விடிகாலையில் தலைக்கு வாங்கிக்கொண்ட ஜலம் ஒவ்வொரு சொட்டும் தோலைத் தொட்டுவிட்டு வந்திருந்தது. தெரிந்தால் என்ன ஆகும்? பிராயச்சித்தம், பட்டினி எல்லாம் இருக்கட்டும். ஷவரின் பக்கமே பிறகு திரும்பிப் பார்க்க மாட்டாள். மறுபடி மணை, மறுபடி குனிந்த தலை, மறுபடி "போறும், போறும்". அதை நினைத்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பஜாரில் இரும்புக் கடைக்கு ஓடினேன். கடைக்காரச் சேட்டன் சாயா குடித்துக்கொண்டே வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈ சைஸில் ரப்பர் இல்லா. தோல் உண்டு. ஒண்ணாந்தரம் தோலாணு."

என்ன மிருகத்தின் தோல் என்று கேட்டுவிட்டேன். அவர் சாயாவைக் கீழே வைத்தார்.

"எருமையோ பசுவோ, அது வெள்ளத்தினு அறியாமோ?"

தண்ணீருக்குத் தெரியாதுதான். அம்மாவுக்குத் தெரியுமே. எர்ணாகுளம் பிராட்வேயில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். படகில் போய்த் திரும்புவதற்குள் அம்மாவே வந்துவிடுவாள். வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

சைக்கிள் ட்யூபை வெட்டலாம் என்றேன். "சைக்கிள் எதெதுமேலயோ ஏறிப் போறதே" என்று மனைவி முகம் சுளித்தாள். ரோட்டைத் தொடுவது டயர், ட்யூப் அதற்குள்ளே யார் கண்ணிலும் படாமல் மடியாகத்தான் இருக்கிறது என்று வாதாடி ஜெயித்தேன். ஜெயித்து என்ன? ட்யூப் ரப்பர் வெற்றிலை போல மெலிசு. தொட்டியில் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தோம், சொட்டு நிற்கவில்லை.

அப்போதுதான் என் கண் என் ஹவாய் செருப்பின்மேல் போனது. தடிமன் கச்சிதம்.

"செருப்பா?" மனைவியின் குரல் கீச்சென்று எழும்பியது. "அம்மா தலையிலயா? நரகத்துக்குத் தனியாப் போங்கோ, என்னைக் கூப்பிடாதீங்கோ!"

"புதுசா வாங்கினா? யாரும் போடாத வரைக்கும் அது செருப்பே இல்லை, வெறும் ரப்பராக்கும்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "தரையில வைக்காம கொண்டு வரணும்" என்றாள்.

புதுச் செருப்பு ஜோடியைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஜார் வழியே நடந்து வந்தேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கைக்கு வந்த செருப்பின் குதிகாலில் பழைய வாஷரை வைத்துப் பேனாவால் வளையம் போட்டு, பிளேடால் அறுத்து, நடுவில் துளையிட்டுப் பொருத்தினேன். ஷவர் ஓட்டைகளையும் நிமிர்த்தி, அதை மறுபடி மேலே மாட்டினேன். அண்டாவையும் உருளியையும் சுமந்து தொட்டியை நிறைத்தோம். திறந்தேன், மழை. மூடினேன், நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றோம். ஒரு சொட்டுகூட இல்லை. தோல் வாஷரைத் தென்னைமரத்தடியில் புதைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா போன வேகத்தில் குளித்து முடித்து ஸ்லோகமும் முடித்து வெளியே வந்தாள். "நின்னுடுத்துடா! கெட்டிக்காரன்!" என்றாள். நான் பூரித்துப் போனேன். பூரிப்பில் புத்தி மழுங்கிவிட்டது. புதுச் செருப்பைத் தூக்கிப் போட மனசு வராமல் முந்தின இரவே அதைக் கொல்லைப்புறத்தில் வைத்திருந்தேன். குதிகாலில் ஒரு ஓட்டை இருந்தால் காலுக்கென்ன? அதைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு, காய்ந்த சிமெண்டு முற்றத்தில் ஈரச் செருப்போடு நடந்து வந்தேன்.

செம்பும் கையுமாகத் துளசிக்குத் தண்ணீர் விட வந்த அம்மா, முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் ஈரத் தடங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று விட்டு ஒன்றில், குதிகால் இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமான ஒரு வெள்ளை வட்டம்.

அம்மா ஷவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி தடத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சமையலறைக் கதவின் பின்னாலிருந்து மனைவி தலையை இழுத்துக்கொண்டாள்.

"புதுசா வாங்கினதாக்கும்," என்றேன். "யாரும் போடறதுக்கு முன்னாடியே..."

"அதுக்கு முன்னாடி உள்ள என்னடா இருந்தது?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்," என்றாள் அவசரமாக. "சொல்ல வேண்டாம்."

அவள் தலையிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு, குரலைத் தாழ்த்தி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "வலது கால் செருப்புதானே?"

எங்கள் இருவருக்கும் நடுவில் வட்டம் விழுந்த தடம் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. கட்டைவிரல் வார் கோத்த அடையாளம் உட்பட, எந்தச் சின்னக் குழந்தையும் பார்த்துச் சொல்லிவிடும், அது இடது கால்.

"வலதாக்கும் அம்மா," என்றேன்.

"அதானே பார்த்தேன்," என்றாள் அம்மா. செம்பைச் சாய்த்து அந்தத் தடத்தின்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். அடுத்த தடத்தின்மேலும் ஊற்றினாள். முற்றம் முழுக்க ஒரே ஈரமானதும் நிமிர்ந்து, "நாளைக்கும் காலம்பற தொட்டியை நெறைச்சு வைடா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.