சேற்று மக்களின் சத்தியம்

நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி பாதி வற்றி, கோரை மண்டிக் கிடக்கிறது. எனக்கு அது கொசுப் பண்ணை. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அது சேற்று மக்களின் நாடு. அவளாகவே உண்டாக்கிய கூட்டம். பச்சைத் தோல், கோரைக்குள் குடியிருப்பு, இலைச்சாற்றில் எதையும் மாற்றும் வித்தை. இருமலைப் பாட்டாக்குவார்களாம், இளைப்பைத் தூக்கமாக்குவார்களாம். அந்த மருந்தின் ரகசியத்தை வெளியாளிடம் சொன்னால், குடித்தவர் உடம்புக்குள் அது விஷமாகிவிடுமாம். இதையெல்லாம் அவள் தம்பிக்குச் சொல்லும்போது, பிள்ளை போனை நோண்டாமல் இருக்கிறாளே, அதுவே பெரிய புண்ணியம் என்று நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

தம்பிக்கு நாலு வயது. மழை வந்தால் இளைப்பும் வந்துவிடும். ஒரு மதியம் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கண்பாவை விரிந்து, வெறும் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்து, உளறிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் பச்சைச் சாறு ஒட்டிய டம்ளர்.

"மருந்தும்மா. இனிமே இளைப்பே வராது," என்றாள் மகள்.

வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஷிஃப்டில் இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன இலைன்னு உடனே தெரியணும்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் அவனை உள்ளே கொண்டுபோனார்.

மகள் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன். மசியவில்லை. முதுகில் இரண்டு வைத்தேன். ஆட்டோக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"இன்னாம்மா நீ, அதுவே பயந்துகினு கீது, அதப் போட்டு அடிக்கிறே?"

"நீ வெளியாளும்மா," என்று அவள் தேம்பினாள். "சொன்னா தம்பி செத்துடுவான்."

பெற்றவளுக்கே வெளியாள் பட்டம். ஆனால் அவனைக் காப்பாற்றத்தான் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்ததும் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் உங்க ஆளாகணும்னா என்ன பண்ணணும்?"

"ஏரிச் சேத்த நாக்குல வெச்சு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணணும்."

அவள் செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. குனிந்து, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். தம்பி மேல் சத்தியம் என்றேன். அவள் என் காதோடு, "சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு வெப்போமே, வெள்ளப் பூ, முள்ளு முள்ளா காய்," என்றாள். ஊமத்தை.

நான் எழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புடவையைப் பிடித்துத் தொங்கினாள்.

"சொல்லாதம்மா! சத்தியம் பண்ணியேம்மா!"

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன்.

மகன் தேறி வீடு வந்துவிட்டான். இன்னொரு முறை நடந்தாலும் சொல்லத்தான் செய்வேன். "பார்த்தியா, விஷமாகலையே," என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறாள். கோரைப் பக்கம் போவதில்லை, கதையும் சொல்வதில்லை.

போன வாரம் பார்த்தால் அவள் முழங்காலில் பெரிய காயம், சீழ் கட்டியிருந்தது. எப்போது அடிபட்டது, ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்று பதறினேன். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா," என்றாள்.