கம்பளித் தொப்பி

கல்முனைக்குச் சற்று முன்னால், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் வரிசை நகரவில்லை. கணவர் மாற்றலாகி வந்திருக்கும் ஊருக்கு, ஆறு மாதக் குழந்தையோடு விடியுமுன் புறப்பட்டவள் நான். குழந்தை வீறிட்டு அழுகிறான். கழுத்து கொதிக்கிறது. காய்ச்சலோ என்று பயமாக இருக்கிறது.

பின்னால் நிற்கும் பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி எட்டிப் பார்க்கிறார்.

"இதென்ன புள்ள, கம்பளித் தொப்பி, காலுக்கு மேசு? புள்ளய அவிக்கப் போறீங்களா?"

"நாங்க பண்டாரவளை. காத்துப் பட்டா சளி பிடிக்கும்னு அம்மா சொன்னாங்க."

"அது உங்கட மலையில. சுனாமிக்குப் பொறகு தகரக் கொட்டிலுக்குள்ள ரெண்டு வருசம் புள்ள வளர்த்தவ நான். கழட்டுங்க."

தொப்பியையும் காலுறைகளையும் தயங்கித் தயங்கிக் கழற்றுகிறேன். அவர் போத்தல் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து அவன் தலையையும் கழுத்தையும் துடைக்கிறார். அழுகை விக்கலாகி அடங்குகிறது. இவ்வளவு நேரமும் நான்தான் அவனை வாட்டியிருக்கிறேன் என்று கண் கலங்குகிறது.

"அழாதீங்க, ஒண்டுமில்ல. இனி உங்கட சுவெட்டரையும் கழட்டுங்க."

அப்போதுதான் குனிந்து என்னைப் பார்க்கிறேன். குழந்தையை யாரிடமாவது கொடுத்தால்தான் கழற்ற முடியும். இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது.

அவர் கைகளை நீட்டுகிறார். கொடுக்கிறேன்.