கரணை நறுக்கிய விரல்

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயதான தை மாதம் அது. பொங்கல் கழிந்து, கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் நிலத்தில் கரும்பு நடவு தொடங்கியிருந்தது. குனிந்து நட அவருக்கு இடுப்பு இடம் தராது. அதனால் விடியற்காலையில் வாசலில் உட்கார்ந்து விதைக்கரும்பைக் கரணைகளாக நறுக்கித் தருவதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில்தான் அண்ணன் சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கித் தந்திருந்தான். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்பதால் அம்மா கரணை நறுக்கும் இடத்துக்கே அதை எடுத்துக்கொண்டு வருவாள். அப்பா கத்தியை வைத்துவிட்டு விரலை நீட்டுவார். முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுக் குத்துவாள். மார்கழி வரை ஒழுங்காக வந்த எண் அந்த வாரம் முந்நூறை ஒட்டியே நின்றது.

"இன்னாய்யா, கரும்பக் கடிச்சியா?"

"கடிக்கப் பல்லு எங்கடி இருக்குது?"

அம்மா நம்பவில்லை. இரவு இட்லியிலும் ஒன்றைக் குறைத்தாள். எண் இறங்கவில்லை. மூலக்குளத்திலிருக்கும் அண்ணன் போனில் மருத்துவரிடம் சொல்ல, அவர் அப்பா போட்டுவந்த இன்சுலின் அளவைக் கூட்டினார். விரலில் ஒட்டியிருந்த கரும்புச் சாறுதான் எண்ணை ஏற்றியது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டிய சில நாட்களில், ஒரு வியாழக்கிழமை, நடவைப் பார்க்கப் போன அப்பா வரப்பில் தள்ளாடியிருக்கிறார்.

"இன்னா பெருசு, காலைலயே கடைக்குப் போய்ட்டு வந்துட்டியா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"பொங்கல் சரக்கு இன்னும் எறங்கல போல," என்றாராம் இன்னொருவர்.

அப்பா ஏதோ குழறியிருக்கிறார். எங்கள் பக்கம் தள்ளாடுகிறவரைப் பார்த்தால் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. தெளியட்டும் என்று பம்புசெட் நிழலில் படுக்க வைத்து, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு நடவைத் தொடர்ந்தார்கள்.

மத்தியானச் சோற்றுக்கு வராதவரைத் தேடி அம்மா போனாள். "தூங்கட்டும் பெரீம்மா, கொஞ்சம் ஓவராப் போட்டுட்டாரு," என்றான் நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்.

"அந்த மனுஷன் அத மோந்துகூடப் பார்த்ததில்லடா," என்று சொல்லிக்கொண்டே உலுக்கினாள். அப்பா கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு விளக்கினார். இளவயதுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். வயதானவருக்கு அந்த எச்சரிக்கைகள் மங்கிவிடும். பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும்தான் முதலில் தெரியும். நெடுநேரம் இறங்கிக் கிடந்தால் மூளை கெடும். மூன்று மாதச் சராசரி சொல்லும் பரிசோதனையைக்கூட, ரத்தசோகை இருக்கும் இவருக்கு அப்படியே நம்ப முடியாது என்றார். "இந்த வயசுல சர்க்கரை கொஞ்சம் கூடவே இருக்கட்டும். குறையத்தான் கூடாது."

மாசியில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நடக்கிறார், சாப்பிடுகிறார். இப்போது ஆடி. திடீர் திடீரென்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது யாரு வூடு?" என்கிறார். சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் குழம்புவார் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். அம்மா அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் குத்துகிறாள். எண் சரியாகவே வருகிறது. குறைந்திருந்தால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அம்மா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு, "நம்ம வூடுதான்யா," என்கிறாள்.