இரண்டாவது ஆள்

கம்ப்யூட்டர் திரையை டாக்டர் அவள் பக்கம் திருப்பியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. டாக்டர் நல்ல மனிதர். விஷயத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார், பேனாவை மூடித் திறந்தார். அவளோ ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசிப் பத்து வருஷம் ஸ்கேன் மெஷினோடுதான் குடித்தனம். இந்த மாதிரிப் படங்களை எத்தனையோ பேருக்கு எடுத்து, ஒன்றும் தெரியாதவள் போல "டாக்டர் சொல்லுவார்" என்று உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கக் கூடாத இடைவெளி. சட்டை பெரிதாகி உடம்பு சிறுத்துப்போன மாதிரி.

"பூசி மெழுக வேண்டாம் டாக்டர். இன்னும் எவ்வளவு நாள் தன் வேலையைத் தானே பார்த்துக்குவார்?"

ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு என்றார் டாக்டர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரிகர்சலுக்கு நேரமாகிறது, பாட்டுக்காரன் திட்டுவான் என்றார். பாட்டுக்காரன் செத்துப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

கணவரை ஊரே 'தூண்' என்றுதான் அழைத்தது. 'இடிதாங்கி' என்ற ராக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர். மற்ற நாலு பேரும் மேடையில் குதித்துக் கும்மாளம் போட, அவர் மட்டும் நட்டு வைத்தது போல ஓரமாக நிற்பார். குழு தொடங்கி நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஐந்து பேரில் பாட்டுக்காரன் ஈரல் கெட்டுப் போய்விட்டான். கீபோர்டுகாரர் கடல் தாண்டிப் போனவர், போன இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார். டிரம்ஸ்காரர் 'மொட்டை', கிதார்காரனோடு ஏதோ ஒரு பேட்டியில் யார் பெயரை முதலில் சொன்னார்கள் என்பதற்காகச் சண்டை போட்டு விலகினார். பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மிஞ்சியது தூணும் கிதார்காரனும்தான்; மற்ற இடங்களுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். கிதார்காரனுக்குப் பட்டப்பெயர் 'பல்லி'. வாலிபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் அப்படி ஏறுவான். இப்போது மேடைப் படியேறவே முழங்காலுக்கு உறை மாட்ட வேண்டும்.

புதுப் பாட்டு போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் பிழைப்பு நின்றுவிடவில்லை. பழைய ஆல்பத்தையே சிவப்பு இசைத்தட்டில் ஒரு தரம், நீலத் தட்டில் ஒரு தரம் என்று திரும்பத் திரும்ப விற்றார்கள். அவர்களுடைய கோபாவேசமான பாட்டு ஒன்று என்ஜின் ஆயில் விளம்பரத்துக்குப் போனது. 'விடைபெறும் சுற்றுப்பயணம்' என்று போஸ்டர் அடித்து மூன்று முறை விடைபெற்றாகிவிட்டது. தனி டிக்கெட் வாங்கினால் கச்சேரிக்கு முன்னால் குழுவோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பாட்டு எழுதியவர்கள் பாட்டுக்காரனும் பல்லியும் என்பதால் பாட்டிலிருந்து வருவதெல்லாம் பல்லிக்கும் செத்தவன் குடும்பத்துக்கும்தான் போகும். தூணுக்கு மேடையில் ஏறினால்தான் வரும்படி.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பாட்டுக்காரன் செத்தபோது போட்ட ஒப்பந்தத்தில், ஆரம்பகால ஐவரில் குறைந்தது இருவர் மேடையில் நின்றால்தான் 'இடிதாங்கி' என்ற பெயரைப் போடலாம் என்று எழுதியிருந்தது. அதை எழுத வைத்ததே தூண்தான். நாளைக்கு நம்மை வெளியே தள்ளிவிட்டு யாராவது கூலி ஆட்களை வைத்து நம் பெயரில் கடை விரிப்பார்கள் என்று பயந்து, வாயே திறக்காத மனுஷன் அன்றைக்கு மேஜையைத் தட்டிப் பேசினார்.

டாக்டரிடம் போய் வந்த அந்த வாரமே அவள் பல்லியிடம் போய்ச் சொன்னாள். அவன் அழுதான். அவன் அழுதது நிஜம் என்பதில் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, இருபத்தெட்டுப் பேர் வேலை இதில் இருக்கிறது என்றான். வேன் ஓட்டுகிறவர், விளக்குப் போடுகிறவர், அடுத்த வருஷம் வரை ஒப்புக்கொண்ட கச்சேரிகள். மேனேஜரும் வந்து உட்கார்ந்தான். மூவரும் பேசிக் கடைசியில் ஒரு வழி கண்டார்கள். தூண் எப்போதும் போல மேடையில் நிற்பார். அவர் கிதாரின் ஒயர் எதிலும் சேராது. கறுப்புத் திரைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்து பேஸ் வாசிப்பார். அவள் மேடை ஓரத்தில், அவர் கண்ணில் படுகிற இடத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் சம்மதித்தாள். பிற்பாடு மகள் போனில், "அப்பாவை ஏம்மா இப்படி இழுத்துட்டு அலையுறே?" என்று கேட்டபோது, அவர் மேடையில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் பழைய ஆளாக இருக்கிறார் என்று பதில் சொன்னாள். அது பொய்யில்லை. வீட்டில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறவர், கிதாரை மாட்டியதும் முதுகு நிமிர்ந்து நிற்பார். முதல் ஆறு மாதம் ஒரு சுரம் கூடப் பிசகவில்லை என்று திரை இடுக்கு வழியாக அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தவரே சொன்னார். ஆனால் அவளுடைய பென்ஷன் மருந்துக்கே சரியாக இருந்தது என்பதும், கச்சேரி நின்றால் வீட்டு வாடகைக்கு வழி தெரியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம் எல்லாம் கனத்தது. கச்சேரிக்கு முன்னால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், டயப்பர் கட்டி, அதற்கு மேல் இறுக்கமில்லாத கறுப்புப் பேன்ட் போட்டு, தொப்பியைச் சரிசெய்து நிறுத்துவாள். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். யாரென்று தெரியாத பயத்தில்தான் பிடித்தார். வந்தவர்களோ, எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு பணிவு என்று உருகினார்கள். ஒரு பெண், உங்கள் பாட்டைக் கேட்டுத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அழுதாள். அவர் கரிசனமாக அவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பெண் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவர் அன்று எல்லோரிடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு விளையாட்டு மைதானத்தில் கச்சேரி. வெயில் இறங்காத மாலை. நாலாவது பாட்டின் நடுவில் அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. அவள் ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன்னும் நின்றிருக்கின்றன. கண்டுகொள்ளாமல் மறுபடி தொடங்கிவிடுவார். இந்த முறை அது அவர் காதில் விழுந்துவிட்டது. தன் கை அசையவில்லை, ஆனால் தன் கிதாரின் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. வலது கையையும் எடுத்தார். நிற்கவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கூட்டம் அதை ஏதோ வித்தை என்று நினைத்துப் பன்னிரண்டாயிரம் பேரும் கைகளைத் தூக்கினார்கள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கிதாரோடேயே மேடையின் ஓரத்துக்கு நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவள் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"நான் செத்துட்டேனா?"

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நான் வாசிக்கல. ஆனா கேக்குது. சொல்லு, செத்துட்டேனா?"

"இல்ல. நீ உயிரோடதான் இருக்கே. வா, வீட்டுக்குப் போலாம்" என்று கிதாரைக் கழற்றி ஸ்டூல்மேல் சாய்த்து வைத்தாள். அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனாள். பின்னால் பாட்டு கடைசிவரை போயிற்று. ஒரு பிசிறும் இல்லை.

வழியெல்லாம் அவர் அவள் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இவ்வளவு காலம் எக்ஸ்ரே அறையில் நின்றவளுக்கு எலும்பு முறிந்து கதறுகிறவர்களைத் தெரியும். இந்தப் பயம் அவள் பார்த்ததில்லை. இதைக் கொடுத்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பல்லி வீட்டுக்கு வந்தான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காபியைக் குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். இன்னும் நாலே நாலு கச்சேரிதான் என்றான். ஆள் நின்றால் போதும், நாற்காலி போட்டுவிடலாம், அவர் காதில் விழாதபடி பஞ்சு வைத்துவிடலாம் என்றெல்லாம் யோசனை சொன்னான்.

"அண்ணி, அவன் இல்லேன்னா பேரைப் போட முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அவரு எழுதி வாங்கினதுதானே" என்றாள். "அவரு பயந்தது இப்போ அவருக்கே நடந்துடுச்சு. திரைக்கு அந்தப் பக்கம் கூலி ஆள், இந்தப் பக்கம் பேரு. இனிமே அவரை நான் அனுப்பமாட்டேன். கேஸ் போடுறதுன்னா போட்டுக்கோ."

உள்ளறையிலிருந்து எழுந்து வந்த தூண், பல்லியைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்திருக்கிறாரா என்று அவளிடம் கேட்டார். பல்லி எழுந்து போய்விட்டான். காபி ஆறிப்போய் மேஜையிலேயே இருந்தது.

கேஸ் எதுவும் வரவில்லை. ஒன்பதே நாளில் புதுப் போஸ்டர் ஒட்டினார்கள். பல்லியும் மொட்டையும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒன்று சேர்ந்த நண்பர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. டிக்கெட் முன்னைவிட வேகமாக விற்றதாம்.

மொட்டை அந்த மாதமே தூணைப் பார்க்க வந்தார். உடம்பு பெருத்து, கண்பார்வை மங்கி, படியில் தடவித் தடவி ஏறினார். பல்லி எப்படிக் கூப்பிட்டான் என்று அவள் கேட்டதற்கு, போனில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான், வாடா என்றான், வந்துவிட்டேன் என்றார். தூண் படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேன் அண்ணி. பேரை முதல்ல போட்டா என்ன, கடைசியில போட்டா என்ன? அவன் கூப்பிடல, நானும் கேக்கல."

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். டயப்பர் கட்டி நிறுத்திய அத்தனை மாலைகளும் ஒரு போன் போட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காது. இரண்டு கிழவர்களின் வீம்புக்கு நடுவில் தன் கணவர் நின்றிருக்கிறார், அதற்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் இருந்தவள் அவளேதான்.

பிறகு மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தான். மைதானக் கச்சேரியை 'தூணின் கடைசி மேடை' என்று இசைத்தட்டாகப் போடப் போகிறார்கள், கையெழுத்து வேண்டும். அதில் பேஸ் வாசித்திருப்பது யார் என்று அவள் கேட்டாள். கேட்கிறவர்களுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை அக்கா என்றான். வாசித்தவர் பெயரை அட்டையில் போட்டால்தான் கையெழுத்து என்று கறாராக நின்றாள். போட்டார்கள். பின்னட்டையில், நன்றி சொல்லும் பட்டியலில், வேன் ஓட்டுகிறவருக்கும் சாப்பாடு கொண்டுவந்தவருக்கும் நடுவில். அதில் வந்ததை வைத்துப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தாள். மீதிச் செலவைச் சமாளிக்க, அறுபத்து நாலு வயதில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் காலை வேலைக்குச் சேர்ந்தாள்.

தூண் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். கிதாரை மகள் வந்து எடுத்துப் போனாள், அவர் தேடவில்லை. ஆனால் ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக அவளை நீ, வா, போ என்று பேசியவர், வேற்று மனுஷியைப் பார்த்தவர் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க தினமும் வந்து இவ்வளவு செய்யுறீங்க. உங்க வீட்டுல தேடமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க" என்றாள். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க இறங்கினாள்.