ஓலைப்பெட்டி அதிரசம்

அறுப்பின் பண்டிகைக்கு நான் ஆண்டவரைத் துதிக்கப் போனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். தின்னப் போனேன். ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். திண்டுக்கல்லில் எங்கள் சபையார் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். பணம் கோயிலுக்கு, பண்டம் ஏலம் எடுத்தவருக்கு. ஏலம் விடுவது என் தாய்மாமா. அவர் வாய்க்குச் சொத்தைக் கத்திரிக்காய்கூட விலை போகும்.

அந்த வருஷமும் சிறுமலை வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் மளமளவென்று போயின. என் கண் ஓர் ஓலைப்பெட்டியின் மேலேயே இருந்தது. அதில் அதிரசம். கொண்டுவந்தவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சேரிக்காரி. எங்கள் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்கு வருகிறவள். அங்கிருந்து எங்கள் சபைக்கு வந்தது அவள் ஒருத்திதான். அந்த வருஷம் சித்தையன்கோட்டைப் பக்கம் துண்டு நிலத்தை, விளைவதில் பங்கு தருகிற வாரத்துக்குப் பிடித்து, முதன்முதலாகத் தனக்கென்று வெங்காயம் போட்டு எடுத்திருந்தாள். அந்தக் காசில் சுட்டதுதான் இந்த அதிரசம். முந்தின வருஷம் அவள் கொடுத்த கோழிக்கு அடிபிடி நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மாமா பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"என்னப்பா, அம்புட்டுப் பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பெரியவர்களில் ஒருவருக்குமா அதிரசம் பிடிக்காது? மாமா கெட்டிக்காரர். "இது கிடக்கட்டும், செத்த நேரம் கழிச்சுப் பாப்போம்" என்று பெட்டியை மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சுரைக்காயைக் கையில் எடுத்தார்.

அவள் எழுந்தாள். "ஐயா, அதை ஏன் பின்னால தள்ளுறீக? ஏலம் போடுங்க. நானே கேக்குறேன்."

"ஏத்தா, நீ குடுத்ததை நீயே கேப்பியா?"

"குடுத்தது சாமிக்கு. இப்ப அது சாமி பண்டம். வேற ஆளு கேட்டா நான் விட்டுத் தாரேன்."

யார் கேட்டார்கள்! அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைத் தட்டில் போட்டாள். பெட்டியை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் சபையை நேராகப் பார்த்தபடியே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். கூலிக்கு வெங்காயம் பிடுங்குன கையைச் சொந்த வெங்காயம் பிடுங்க வச்சீரு. நான் குடுத்தேன், நீரு வாங்கிக்கிட்டீரு. இவுக வாங்காட்டி அது இவுக பாடு. ஆமென்."

பிறகு பெட்டியை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்தாள். பெரிய மனுஷர்கள் எல்லாம் திடீரென்று செருப்பைத் தேடினார்கள். போதகருக்குக்கூட உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.

எங்களிடம் வந்தபோது வெல்ல வாசனையில் என் கை தானாக நீண்டது. அம்மா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தாள். என் நாக்கை அடக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். காட்டில் கூலிக்கு வந்த இவள் ஏந்திய கைகளில் கஞ்சியை உயரத் தூக்கி, மேலே படாமல் ஊற்றுகிறவள்தான் என் அம்மா. அதை நான் ஒரு கைத்திறமை என்று மெச்சிக்கொண்டிருந்த காலம்.

அவள் நகரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கானால் அழுகை முட்டியது.

அம்மாவின் பிடி தளர்ந்தது. என்னை விட்ட கையாலேயே ஓர் அதிரசத்தை எடுத்து, பிட்டு, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பாகு பதமா வந்திருக்கு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. அப்புறம் என்னைப் பார்த்து, "தின்னு" என்றாள்.

தின்றேன். எத்தனை என்று கேட்காதீர்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா கெஞ்சவும் இல்லை. அவள் கை வளர்த்த கோழி ஆகும், அவள் கை சுட்ட பலகாரம் ஆகாது! சாதிதான், வேறென்ன. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த பண்டிகைக்கு அவள் இரண்டு பெட்டி அதிரசத்தோடு வந்து முன்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன தடவை நான் தின்ற தீனியைப் பார்த்துத்தான் கூடுதலாகச் சுட்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.