அடையாற்றுச் சேற்றில் ஒரு வலி மருந்து

ஜெர்மனிக்கு வந்தபிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம்: மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறப்பது. வெளியே மழையடித்தாலும் சரி. ஆய்வகத்தில் எல்லோரும் வாசனையே இல்லாத ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க, என் டப்பா மட்டும் மாடி முழுக்கத் தம்பட்டம் அடிக்கும். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம்.

அதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று போன வாரம் தெரிந்தது. ஆற்றுச் சேற்றில் மருந்து மிச்சங்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு கழிவுநீரோடு ஆற்றுக்குப் போய் அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்ளும். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது முடிச்சூர் பக்கம் அடையாற்றில் நானே இறங்கிச் சேறு அள்ளினேன். பெருங்களத்தூர் போகிற ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னா தம்பி, மோதிரம் வுழுந்துட்ச்சா?" என்றார்.

"மாத்திரை தேடுறேன் அண்ணா."

"அதுக்கு மெடிக்கல் ஷாப்பு அங்க கீது" என்று கைகாட்டிவிட்டுப் போனார். அப்போது சிரித்தேன்.

அந்தச் சேற்றின் சாற்றை இங்கே கருவியில் செலுத்தியதும், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துக்குரிய கோடு திரையைக் கிழிப்பதுபோல் எழுந்தது. நான் சேறு அள்ளிய இடத்துக்குப் பின்தெருவில்தான் அக்கா வீடு. போர் தண்ணீரில்தான் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். உடனே போன் போட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்கு போர் தண்ணி வேணாம். கேன் தண்ணி ஊத்து."

"டேய், லூசாடா நீ? உங்க மாமா கேன் தண்ணில வாய் கொப்புளிச்சாலே நான் கத்துவேன்."

"ப்ளீஸ்க்கா."

என் குரலைக் கேட்டு அவளும் பயந்துவிட்டாள்.

போனை வைத்ததும் பக்கத்து மேசை லேனா மூக்கைச் சுளித்து, "இங்கே என்ன வாசனை?" என்றாள். வந்தேவிட்டது! "மன்னித்துக்கொள், மதியம் ரசம்" என்றேன். அவள் குழம்பிப்போய், "இல்லை, உன் கையில்" என்றாள். மணிக்கட்டு வலிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ஜெல். டியூபை எடுத்துப் படித்தேன்: டைக்ளோஃபினாக். அதைத் தடவிய விரல்களால்தான் காலையில் கருவிக்குள் வைக்கும் குப்பிகளைத் துடைத்து அடுக்கியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, சேறே சேர்க்காமல் ஒரு வெறும் கரைசலையும் ஓட்டுவோம். இங்கே அதற்கு 'பிளிண்ட்வெர்ட்' என்று பெயர். அதிலும் அதே கோடு. அதைப் பார்க்காமலேயே அக்காவை மிரட்டியிருக்கிறேன்.

மறுநாள் எல்லாவற்றையும் லேனாவே முதலிலிருந்து செய்தாள். வெறும் கரைசல் சுத்தம். சேற்றில் கோடு சின்னதாகியிருந்தது. ஆனால் இருந்தது.

"அப்போ உன் கையா, ஆறாடா?" என்றாள், நடந்ததைப் போனில் கேட்ட அக்கா.

"ரெண்டும்தான்க்கா. போர் தண்ணிய தனியா டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

"அது வரைக்கும் பாப்பாவ எதுல குளிப்பாட்டுறது? அதைச் சொல்லு, பெரிய சயின்டிஸ்ட்டு."



சனிக்கிழமை லேனாவும் நண்பர்களும் இந்த ஊர் ஆற்றில் நீந்தினார்கள். "வா, வா!" என்று கூப்பிட்டார்கள். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. அவள் பேசுவதற்கு முன்னால் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. எந்தத் தண்ணீர் என்று கேட்கத் துணிச்சல் வராமல், கூழாங்கல் தெரியும் அந்த ஆற்றில் கால்கள் விறைக்க நின்றேன்.