படக்காரி வந்த பின்னேரம்

அக்காவைப் படத்தில் நடிக்கக் கேட்டது ஹவுன்ஸ்லோவில் ஒரு பஸ் தரிப்பில். நான் ஏறுமுன் சாரதி கதவைச் சாத்திவிட்டார் என்று அக்கா ஏசிய ஏச்சில் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்களில் ஒருத்தி படம் எடுக்கிறவள். இந்தக் கோபம்தான் தனக்கு வேண்டும் என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் அந்தக் கோபத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்கு எட்டு. அம்மாவுக்கு விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் பின்னேர ஷிப்ட். அப்பா சவுத்தாலில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். இருவரும் வீடு வருமுன் நான் நித்திரையாகிவிடுவேன். பள்ளியிலிருந்து என்னைக் கூட்டி வருவது, கறியைச் சூடாக்கித் தருவது, தேவைப்பட்டால் குட்டுவது எல்லாம் அக்காவின் பொறுப்பு.

சாப்பிட்ட பின் லாப்டொப்பில் அவளுக்குப் பிடித்த படங்களைப் பார்ப்போம். எல்லாம் இந்த இங்கிலீசுக்கார நாட்டு இளசுகளின் கதைகள். அரசாங்கம் வாடகைக்கு விடும் கவுன்சில் மாடிவீடுகளில் இருப்பார்கள், படிக்கட்டில் குந்தியிருந்து சிகரெட் பிடிப்பார்கள், தாயோடு சண்டை போட்டுக் கதவை அடித்துச் சாத்துவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் பஸ் ஏறிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், படம் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் வேண்டும், கடலைப் பார்த்தால் அது கிடைத்துவிடுமா என்று அறிய எனக்கு ஒரே ஆவல். கேட்டால், "உனக்கு விளங்காது, பேசாமல் பார்" என்பாள் அக்கா.

படக்காரியின் ஆட்கள் அக்காவைப் பேசவைத்துப் படம்பிடித்துப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஆனால் வயது காணாது என்பதால் அம்மா கையெழுத்து வைத்தால்தான் நடிக்கலாம். படக்காரி தானே வீட்டுக்கு வந்து கேட்பதாகச் சொல்லியனுப்பினாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா வேலைக்கு லீவு போட்டு, வீட்டைக் கூட்டித் துடைத்து, ரோல்ஸ் பொரித்து, கலியாண வீடுகளுக்குக் கட்டும் சேலையோடு காத்திருந்தார். வந்தவளோ முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தாள்.

ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்ட பிறகு, உங்கள் மகள் எவ்வளவு இயல்பாக நடிக்கிறாள் பாருங்கள் என்று அவள் தன் லாப்டொப்பைத் திறந்தாள். அது வேண்டாம் என்றாள் அக்கா. படக்காரி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

திரையில் அக்கா. வீட்டைப் பற்றிக் கோபமாக எதையாவது பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இங்கிலீசில் கடகடவென்று பொரிந்து தள்ளினாள். அம்மா அசையாமல் இருந்தார். விளங்கவில்லையாக்கும் என்று நான் உற்சாகமாக மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

"நீங்கள் வீட்டில இருக்கிறதே இல்லையாம் அம்மா. தான் எத்தனையாம் வகுப்பெண்டுகூட உங்களுக்குத் தெரியாதாம். தான் பஸ் ஏறிப் போனாலும், பிரிட்ஜில கறி குறையேல்லை எண்டதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பீங்களாம்."

"எனக்கு விளங்குது பிள்ளை" என்றார் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா இவ்வளவு அழகாகப் பொய் சொல்லுவாள் என்று யார் கண்டது? திரையில் அவள் கண் கலங்கியபோது நான் கைகூடத் தட்டினேன். பக்கத்தில் இருந்த அக்கா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிக் கையெழுத்துக் கிடைக்காது என்று அவள் முடிவுகட்டியிருக்க வேண்டும்.

பெருமையாக இல்லையா என்று படக்காரி கேட்டாள். "யெஸ், வெரி குட்" என்று சொல்லி அம்மா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். மிச்ச ரோல்ஸையும் பொதி கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

கதவைச் சாத்தியதும், "அது சும்மா நடிச்சனான் அம்மா" என்றாள் அக்கா.

"ஓம், தெரியும்." அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனவர், பாதியில் நின்றார். "நீ இப்ப பத்தாம் வகுப்புத்தானே?"

"பதினொண்டம்மா."

கொஞ்ச நாளில் அம்மா விடிகாலை ஷிப்டுக்கு மாறிவிட்டார். நாங்கள் பள்ளியால் வரும்போது வீட்டில் இருப்பார். சோறு போட்டுத் தந்துவிட்டு எங்களுக்கு எதிரே உட்காருவார், நாங்கள் சாப்பிட்டு முடிக்குமுன் இருந்தபடியே தூங்கி விழுவார். அக்கா படத்தில் நடிக்கத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கோபம் முன்போல வரவில்லை என்று படக்காரி குறைப்பட்டு, அவள் வரும் இடங்களைக் குறைத்துவிட்டாளாம். அம்மா வீட்டில் இருப்பதால் இரவுப் படங்களும் நின்றுபோன எரிச்சலில் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"நீ நடிச்சதுதானே? பிறகேன் அம்மா ஷிப்ட் மாத்தினவ?"

"மெல்லக் கதை, அம்மா எழும்பப் போறா" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. இப்போதும் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. எது நடிப்பு, எது நிசம் என்று பிரித்தறியத் தெரியாத மனுசி என்றே அவரைப் பற்றி நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.